மல்டிஃபிராக்டல்: மழை, ஆறு, காற்று, சந்தை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்று நீர்வரத்து, மழை, காற்றின் வேகம், இதயத் துடிப்பு, பங்கு விலை ஆகியவற்றின் எண்தொடர்களில் மல்டிஃபிராக்டல் தேடும் மாணவர்களும், டிரேடிங் பக்கமிருந்து வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே உள்ளன. முதல் மூன்றையும் தாண்டிப் போகாதீர்கள். அங்கே வருகிற எண்கள்தான் கடைசிவரை பயன்படும்.

1. ஃபிராக்டல்னா தெரியும். "மல்டி"ன்னு ஏன் முன்னாடி ஒட்டறாங்க?

கடற்கரையை நீளமான குச்சியால் அளந்தால் ஒரு நீளம் வரும், சின்னக் குச்சியால் அளந்தால் அதைவிடக் கூடுதலாக வரும். குச்சி சுருங்கச் சுருங்க நீளம் எந்த வேகத்தில் கூடுகிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லிவிட முடிந்தால் அது ஃபிராக்டல். கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1967இல் எழுதிய கட்டுரையில் பிரிட்டனின் மேற்குக் கரைக்கு அந்த எண் சுமார் 1.25.

கடற்கரை விஷயத்தில் ஒரு புள்ளி கரையில் இருக்கிறதா இல்லையா என்பதோடு கதை முடிந்தது. மழையில் எங்கே பெய்தது என்பதோடு எவ்வளவு பெய்தது என்பதும் சேர்கிறது. 2023 டிசம்பர் 17–18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது, பக்கத்துத் திருச்செந்தூரில் 69. கொட்டித் தீர்த்த இடங்களை மட்டும் எடுத்தால் அது ஒரு ஃபிராக்டல், சுமாராகப் பெய்த இடங்கள் இன்னொன்று, தூறலோடு போனவை வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டியிருப்பதால்தான் "மல்டி".

2. சூத்திரம் வேணாம். கையால போட்டுப் பார்க்கற மாதிரி ஒரு உதாரணம் இருக்கா?

இருக்கிறது. 16 நாளில் மொத்தம் 256 மி.மீ. மழை என்று வையுங்கள். சமமாகப் பெய்தால் நாளுக்கு 16. இப்போது 16 நாளை இரண்டு பாதியாக வெட்டி, ஒரு பாதிக்கு முக்கால் பங்கும் மறு பாதிக்குக் கால் பங்கும் கொடுங்கள். எதற்கு முக்கால் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யலாம். 192, 64 ஆயிற்று. அவற்றையும் அதே விதியில் வெட்டினால் 144, 48, 48, 16. மூன்றாம் வெட்டில் 108 ஒன்று, 36 மூன்று, 12 மூன்று, 4 ஒன்று. நான்காம் வெட்டில் தனித்தனி நாளுக்கு வந்துவிடுவோம்: 81 மி.மீ. ஒரு நாள், 27 நான்கு நாள், 9 ஆறு நாள், 3 நான்கு நாள், 1 ஒரு நாள். கூட்டிப் பாருங்கள், 256 அப்படியே இருக்கும்.

மொத்த மழையில் 189 மி.மீ. ஐந்தே நாளில் பெய்துவிட்டது. அது மட்டுமல்ல, 81 பெய்த நாளோடு ஒட்டிப் பிறந்தது 27, ஏனென்றால் இரண்டும் 108இலிருந்து பிரிந்தவை. 1 மி.மீ. நாளின் ஜோடி 3. கொட்டுகிற நாள்கள் ஒன்றாகவும் காய்கிற நாள்கள் ஒன்றாகவும் கூடிக்கொள்கின்றன. சந்தையில் வாலட்டிலிட்டி கிளஸ்டரிங் (விலை ஆட்டம் கொத்துக்கொத்தாக வருவது) என்று சொல்வது இதே குணம்தான்.

இந்த அடுக்கடுக்கான பிரிப்புக்குப் பெயர் கேஸ்கேட். இதில் உயிர்நாடி பெருக்கல். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கூட்டியோ கழித்தோ போயிருந்தால் கடைசியில் மணி வடிவப் பரவல்தான் கிடைத்திருக்கும். பெருக்கிக்கொண்டே போனதால் 1க்கும் 81க்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்தது.

3. எல்லாப் பேப்பர்லயும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு வளைவு போடறாங்களே, அது என்ன?

மேலே உள்ள 16 நாளிலேயே அந்தக் கிண்ணம் இருக்கிறது. ஒரு நாள் என்பது மொத்தக் காலத்தில் 1/16. அந்த 1/16ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த நாளின் மழைப் பங்கு கிடைக்கும் என்பதே ஆல்ஃபா. 81/256க்கு ஆல்ஃபா 0.415. 27க்கு 0.811, 9க்கு 1.208, 3க்கு 1.604, 1க்குச் சரியாக 2. ஆல்ஃபா குறைவு என்றால் அங்கே குவியல் அதிகம்.

அடுத்து, ஒவ்வொரு ஆல்ஃபாவுக்கும் எத்தனை நாள்? 16ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண்ணிக்கை வருமோ அது எஃப். ஒரு நாளுக்கு எஃப் 0, நான்கு நாளுக்கு 0.5, ஆறு நாளுக்கு 0.646. கிடையச்சில் ஆல்ஃபா, நிலையச்சில் எஃப் வைத்து ஐந்து புள்ளிகளையும் குறித்தால் 0, 0.5, 0.646, 0.5, 0 என்று ஏறி இறங்கும் கிண்ணம். வெட்டிக்கொண்டே போனால் உச்சி 1ஐ நெருங்கும். அகலம் 2 − 0.415 = 1.585, எத்தனை முறை வெட்டினாலும் அது மாறாது. பேப்பர்களில் "மல்டிஃபிராக்டல் வலிமை" என்று அழைக்கப்படுவது இந்த அகலம். பாதிக்குப் பாதி பிரித்திருந்தால் கிண்ணம் ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கியிருக்கும்.

4. காத்து, மழை சரி. இதுல பங்குச்சந்தை எப்படி வந்து சேர்ந்துச்சு?

இரண்டு கிளைகள் தனித்தனியாக வளர்ந்து பிறகு சேர்ந்தன. ஒன்று கொந்தளிப்பு ஓட்டம். ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகரோவ் 1941இல், பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழலாகும்போது ஆற்றல் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கைமாறுகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். அதன்படி, இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசத்தின் 6ஆம் மொமெண்ட் (அதை 6ஆம் அடுக்குக்கு உயர்த்தி எடுத்த சராசரி) தூரத்தோடு எந்த அடுக்கில் கூடுகிறதோ, அந்த அடுக்கு 2 வர வேண்டும். அளவீடுகளில் கிடைப்பது சுமார் 1.78. ஆற்றல் திட்டுத்திட்டாகச் சேர்வதால் வரும் குறை இது. அவரே 1962இல் திருத்தினார், மாண்டல்பிராட் 1974இல் கேஸ்கேட் கணிதத்தை விரித்தார், 1985இல் ஃபிரிஷும் பாரிஸியும் அதற்கு மல்டிஃபிராக்டல் என்ற சட்டகத்தைக் கொடுத்தார்கள்.

இன்னொரு கிளை பருத்தி விலை. அதன் ஏற்ற இறக்கம் மணி வடிவப் பரவலுக்குள் அடங்கவில்லை என்று 1963இல் காட்டியவரும் மாண்டல்பிராட்தான். 1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்தது, மணி வடிவப் பரவலில் அப்படி ஒரு நாளுக்கு இடமே கிடையாது. 1997இல் அவர், கால்வே, ஃபிஷர் மூவரும் கேஸ்கேட் முறையை அப்படியே விலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களது மாதிரியில் பிரிக்கப்படுவது நேரம்: சந்தைக் கடிகாரம் சில மணிகளில் பறக்கும், சில நாள்களில் ஊரும்.

5. அப்போ மார்க்கெட்டும் ஒரு வகைச் சுழல்காத்துன்னு சொல்லிடலாமா?

கூடாது. 1996இல் டாலர்–ஜெர்மன் மார்க் விகிதத்தை எடுத்து, குறுகிய இடைவெளியில் கூர்மையாகவும் நீண்ட இடைவெளியில் மணி வடிவமாகவும் பரவல் மாறுவது கொந்தளிப்பைப் போலவே இருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்தது. அதே ஆண்டில் மாண்டேன்யாவும் ஸ்டான்லியும் மறுத்து எழுதினார்கள். காற்றின் வேகத்தின் நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அசைவு என்பது) அதிர்வெண்ணின் −5/3 அடுக்கில் இறங்குகிறது. விலையின் நிறமாலை −2 அடுக்கில். அதாவது, விலையில் அடுத்தடுத்த மாற்றங்களின் திசைக்குள் உறவு கிட்டத்தட்ட இல்லை, காற்றில் இருக்கிறது.

இதையே வேறு மாதிரியும் பார்க்கலாம். காற்றில் 3ஆம் மொமெண்டின் அடுக்கு சரியாக 1. இது பாய்ம இயக்கச் சமன்பாட்டிலிருந்தே வருகிறது. சந்தைக்கு அப்படி ஒரு சமன்பாடு இல்லை. அங்கே 1ஐ ஒட்டி நிற்பது 2ஆம் மொமெண்ட். விலை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டித் தெரிந்தால் யாராவது உடனே காசு பார்த்துவிடுவார்கள் என்பதுதான் அதற்குக் காரணம். ஒன்று இயற்பியல் கட்டிய முளை, மற்றது மனிதர்களின் ஆசை கட்டிய முளை. வளைவு ஒன்றுபோல இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

6. ஹர்ஸ்ட் எண் ஒண்ணு இருக்கே, அது போதாதா?

பல வேலைகளுக்குப் போதும். எகிப்தில் நைல் நதி நீரியலில் பல பத்தாண்டுகள் இருந்த ஹரோல்ட் ஹர்ஸ்ட், அணை எவ்வளவு கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்று கணக்கிடப் போய், நல்ல ஆண்டுகளும் வறண்ட ஆண்டுகளும் கொத்துக்கொத்தாக வருவதைக் கண்டார். நினைவே இல்லாத தொடருக்கு 0.5 வர வேண்டிய எண், இயற்கைத் தொடர்களில் சராசரியாக 0.73 பக்கம் வந்தது. 1951இல் வெளியிட்டார்.

ஆனால் அந்த எண் நடுத்தரமான ஏற்ற இறக்கத்தைத்தான் பேசும். வெள்ளமும் வறட்சியும் ஒரே விதத்தில் அளவோடு மாறுகின்றனவா என்று அது சொல்லாது. அதற்காகக் க்யூ என்ற ஒரு திருகு சேர்க்கிறோம். க்யூ கூடினால் பெரிய அசைவுகளின் குரல் ஓங்கும், மைனஸில் போனால் சின்ன அசைவுகளின் குரல். க்யூ = 2இல் கிடைப்பது பழைய ஹர்ஸ்ட் எண்தான் (விலையைப் போலக் கூட்டிவந்த தொடருக்கு அல்ல, விலை மாற்றத்தைப் போன்ற அசைவுத் தொடருக்கு). ஒவ்வொரு க்யூவுக்கும் கிடைக்கும் ஹர்ஸ்ட் எண்ணை ஹெச்(க்யூ) என்று எழுதுவார்கள். க்யூவைத் திருப்பும்போது அது மாறாவிட்டால் ஒற்றை ஃபிராக்டல், மாறினால் மல்டி.

7. எம்எஃப்-டிஎஃப்ஏ போடறது எப்படி? படிப்படியா சொல்லுங்க.

எம்எஃப்-டிஎஃப்ஏ என்பது மல்டிஃபிராக்டல் டீட்ரெண்டட் ஃபிளக்சுவேஷன் அனாலிசிஸ், கேன்டல்ஹார்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் கொடுத்த முறை. முதலில் தொடரின் சராசரியைக் கழித்து, மீதியை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போங்கள். கிடைப்பது ப்ரொஃபைல். அதை நீளம் எஸ் உள்ள துண்டுகளாக வெட்டுங்கள். நீளம் மிச்சமில்லாமல் வகுபடாது என்பதால் முன்னாலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நேர்கோடோ இருபடி வளைவோ பொருத்தி, அதிலிருந்து விலகும் வர்க்கச் சராசரியை எடுங்கள். இதுதான் அந்தத் துண்டின் மாறுபாடு.

அடுத்தது க்யூ. ஒவ்வொரு துண்டின் மாறுபாட்டையும் க்யூ/2 அடுக்குக்கு உயர்த்தி, எல்லாத் துண்டுகளுக்கும் சராசரி எடுத்து, அதை 1/க்யூ அடுக்குக்கு இறக்குங்கள். க்யூ = 0க்கு மட்டும் இது உடையும்; அங்கே மாறுபாடுகளின் மடக்கைச் சராசரியைப் பாதியாக்கி அடுக்குக்குறி எடுக்க வேண்டும். எஸ்ஸை மாற்றி மாற்றி, மடக்கை அளவில் சம இடைவெளியுள்ள 20–30 மதிப்புகளுக்கு இதைச் செய்து, மடக்கை–மடக்கை வரைபடத்தில் சாய்வு பாருங்கள். அதுதான் ஹெச்(க்யூ). அதிலிருந்து டௌ என்ற (கிரேக்க எழுத்தால் குறிக்கும்) எண்: டௌ = க்யூ × ஹெச் − 1. க்யூவைப் பொறுத்து டௌவின் சாய்வு ஆல்ஃபா; எஃப் = க்யூ × ஆல்ஃபா − டௌ.

வரைபடம் விசிறி போல இருக்க வேண்டும்: சின்ன எஸ்ஸில் கோடுகள் விரிந்து, பெரிய எஸ்ஸில் குவிந்து வரும். அந்த விசிறியைக் கண்ணால் பார்க்காமல் நேராகக் கிண்ணத்துக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

8. எவ்வளவு டேட்டா வேணும்? எஸ் எங்கேர்ந்து எங்க வரைக்கும்?

சில ஆயிரம் புள்ளிகளுக்குக் கீழே இறங்க வேண்டாம். கீழ் எல்லை 16 அல்லது 20. அதற்குக் கீழே, பொருத்தும் வளைவே அசைவில் பாதியை விழுங்கிவிடும். மேல் எல்லை மொத்த நீளத்தில் கால் பங்கு என்று எழுதுவார்கள், ஆனால் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்துவது பாதுகாப்பு. 5,000 நாள் விலையில் கால் பங்கு என்றால் எஸ் = 1,250; இரு பக்கமும் வெட்டினாலும் எட்டே துண்டுகள். எட்டு துண்டை வைத்து க்யூ = −5இல் சராசரி எடுத்தால், மிக அமைதியான ஒற்றைத் துண்டுதான் பேசும்.

நிமிட விலை எடுத்தால் நீளத்துக்குப் பஞ்சமில்லை: என்எஸ்இ (தேசியப் பங்குச்சந்தை) 9.15 முதல் 3.30 வரை 375 நிமிடம், 250 நாளில் 93,750 புள்ளிகள். ஆனால் அதில் வேறு வம்பு உண்டு (13ஐப் பாருங்கள்).

9. க்யூவை −10லேர்ந்து +10 வரைக்கும் போட்டா வளைவு அழகா வருதே?

அழகாக வரும், அர்த்தம் இருக்காது. பங்கு ரிட்டர்ன்களின் (விலை மாற்றங்களின்) வால், அதாவது மிகப் பெரிய அசைவுகளின் வாய்ப்பு, பல சந்தைகளில் 3ஐ ஒட்டிய அடுக்கில் இறங்குகிறது. அதாவது 3ஆம் மொமெண்டுக்கு மேல் கணித ரீதியாக முடிவான மதிப்பே கிடையாது. தொடரில் இருக்கிற மிகப் பெரிய ஒற்றை நாள் எதுவோ அதுதான் அங்கே விடையைத் தீர்மானிக்கும்.

சந்தைக்கு −3 முதல் +3 போதும். மெல்லிய வால் உள்ள தொடருக்கு −5 முதல் +5. இடது முனையில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி உட்கார்ந்தால், க்யூ தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

10. மைனஸ் க்யூல வளைவு எகிறிக்கிட்டுப் போகுது. புரோகிராம்ல பிழையா?

பெரும்பாலும் டேட்டாவில். ஏதோ ஒரு துண்டில் அசைவே இல்லை என்றால் மாறுபாடு பூஜ்யம், பூஜ்யத்தை மைனஸ் அடுக்குக்கு உயர்த்தினால் முடிவிலி. மழையில் வறண்ட மாதங்கள் இதைச் செய்யும். பங்கில், யாரும் வாங்காமல் விற்காமல் விலை உறைந்த நாள்களும் சர்க்யூட்டில் (ஒரு நாளுக்கான விலை வரம்பில்) மாட்டிய நாள்களும் செய்யும். அளவி காட்டக்கூடிய மிகச் சின்ன படிக்குக் கீழே உள்ள அசைவுகளும் இந்தக் கணக்கில் பொய் சொல்லும்.

விடுபட்ட நாள்களை நேர்கோட்டால் நிரப்பியிருந்தால் அதுவும் காரணம். நிரப்பிய இடம் வழவழவென்று இருக்கும். மைனஸ் க்யூவுக்குப் பிடித்த தீனி அதுதான். நிரப்பாமல், அந்தப் பகுதியை வெட்டி எறிந்து இரு முனைகளையும் ஒட்டிவிடுங்கள். நீண்ட நினைவுள்ள, அதாவது ஹர்ஸ்ட் எண் 0.5க்கு மேலே உள்ள தொடரில் இதனால் சாய்வு மாறாது. 0.5க்குக் கீழே உள்ள தொடரில் மட்டும் ஒட்டு வேலை ஆகாது. தினசரி மழைக்கு மைனஸ் பக்கத்தை விட்டுவிட்டு க்யூவின் பிளஸ் பக்கத்தை மட்டும் வெளியிடுவதே நேர்மை.

11. என் புரோகிராம் சரியா ஓடுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

விடை தெரிந்த தொடரைப் போட்டுப் பாருங்கள். 2ஆம் கேள்வியின் முக்கால்–கால் விதியை 16 முறை ஓட்டினால் 65,536 எண்கள். அதற்குக் காகிதத்திலேயே விடை உண்டு: ஹெச்(1) = 1, ஹெச்(2) = 0.839, ஹெச்(−2) = 1.576. க்யூ −5 முதல் +5 வரை என்றால் அகலம் சுமார் 1.57, முழு அகலமான 1.585ஐத் தொட்டுவிடும் தூரத்தில். அடுத்து, அதே நீளத்துக்கு வெறும் காஸியன் இரைச்சல் (மணி வடிவப் பரவலில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எண்கள்). எல்லாக் க்யூவுக்கும் 0.5ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் உங்கள் சொந்த டேட்டாவைத் தொடாதீர்கள்.

12. நிஃப்டிக்குப் போட்டா ஹெச் 1.5 வருது. எல்லாரும் 0.5ன்னு எழுதறாங்க.

விலையை அப்படியே உள்ளே போட்டிருக்கிறீர்கள். முறையின் முதல் படியே கூட்டல்தான். ஏற்கெனவே கூட்டி வந்த தொகையான விலையை மறுபடி கூட்டினால் சரியாக 1 கூடும். மடக்கை ரிட்டர்னை (அடுத்தடுத்த விலைகளின் மடக்கை வித்தியாசத்தை) போடுங்கள், 0.5 பக்கம் வரும். காற்றின் வேகத்தைப் போட்டவர்களுக்கு 1/3க்குப் பதில் 1.33 வருவதும் இதே கதை.

13. டேட்டாவைப் போடறதுக்கு முன்னாடி என்னென்ன சுத்தம் பண்ணணும்?

ஆற்று நீர்வரத்திலும் வெப்பநிலையிலும் ஆண்டுச் சுழற்சி. ஒவ்வொரு காலண்டர் நாளுக்கும் பல ஆண்டுச் சராசரியைக் கழித்து, அந்த நாளின் திட்ட விலக்கத்தால் வகுங்கள். கழிப்பதோடு நிறுத்தினால் போதாது. வெள்ளக் காலத்தில் அசைவும் பெரிது, கோடையில் அசைவும் சின்னது, அந்த வித்தியாசமே மல்டிஃபிராக்டல் வேஷம் போட்டுக்கொண்டு வரும். சுழற்சி மிச்சமிருந்தால் எஸ் ஓராண்டை நெருங்கும்போது வரைபடக் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

நிமிட விலையில் இதற்கு இணை, நாளுக்குள் வரும் வளைவு: திறந்ததும் பரபரப்பு, மதியம் தூக்கம், மூடும்போது மறுபடி பரபரப்பு. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ரிட்டர்னின் தனிமதிப்புச் சராசரி எடுத்து அதனால் வகுக்க வேண்டும். முந்தைய நாள் முடிவிலிருந்து காலை 9.15க்குத் தாவும் இடைவெளியை நீக்கிவிடுங்கள். தனிப் பங்காக இருந்தால் போனஸ், பங்குப் பிளவு சரிசெய்த விலைதானா என்று பாருங்கள். 1:1 போனஸில் விலை பாதியாகும். மடக்கை ரிட்டர்ன் −0.693. அந்த ஒற்றைப் பொய் நாள் க்யூவின் பிளஸ் பக்கம் முழுவதையும் கெடுத்துவிடும். நிஃப்டி ஏறத்தாழ 13% விழுந்த 2020 மார்ச் 23 போன்ற நாள்கள் வேறு. அவை நிஜம், அவற்றை எடுக்கக் கூடாது.

14. அகலம் 0.4 வந்துச்சு. மல்டிஃபிராக்டல்னு எழுதிடலாமா?

இன்னும் இல்லை. குறுகிய தொடரில் எதற்கும் கொஞ்சம் அகலம் வரும், 11இல் சொன்ன வெறும் இரைச்சலுக்குக்கூட. அதனால் போலித் தொடர்களோடு ஒப்பிட வேண்டும். முதல் வகை, சீட்டுக்கட்டைப் போலக் குலைப்பது: மதிப்புகள் அப்படியே இருக்கும், வரிசை போய்விடும். இரண்டாம் வகை, ஐஏஏஎஃப்டி (ஃபூரியர் மாற்றத்தால் போலி செய்யும் முறை): மதிப்புகளும் நிறமாலையும் (அதாவது ஹர்ஸ்ட் எண்ணும்) இருக்கும், மற்ற எல்லா ஒழுங்கும் அழிந்துவிடும். மல்டிஃபிராக்டல் என்று சொல்ல வைக்கும் ஒழுங்கு அந்த அழிந்த பகுதியில்தான் உள்ளது.

ஐஏஏஎஃப்டி தொடர்கள் 19 செய்து, அந்தப் பத்தொன்பதையும் விட அசலின் அகலம் பெரிதாக இருந்தால் 5% அளவில் தேறியது. 100 செய்தால் இன்னும் நிம்மதி. தேறாவிட்டால் "மல்டிஃபிராக்டல்" என்ற சொல்லை எழுதாதீர்கள், வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

15. குலைச்சதுக்கு அப்புறமும் அகலம் பாதி மிச்சமிருக்கு. அது "தடித்த வால்" தந்த பங்குன்னு போடலாமா?

பலர் அப்படித்தான் போடுகிறார்கள்: அசலிலிருந்து குலைத்ததைக் கழித்து "தொடர்பின் பங்கு இத்தனை சதவீதம், வாலின் பங்கு இத்தனை" என்று. இரண்டும் கூட்டிக் கழிக்கும்படியான பொருள்கள் அல்ல. வரிசையே இல்லாத, தடித்த வால் மட்டும் உள்ள தொடர் முழுக் கிண்ணத்தைத் தராது; அதிகபட்சம் இரண்டு புள்ளிகள்தான், இடையில் பார்க்கிற வளைவு குறைந்த நீளத்தின் கைவேலை. க்யூ, வாலின் அடுக்கைத் தாண்டியதும் ஹெச் 1/க்யூ பக்கம் சரியத் தொடங்கும். அந்தச் சரிவைத்தான் அகலம் என்று படிக்கிறோம். 9இல் சொன்னபடி க்யூவை 3க்குள் நிறுத்தினால் இந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். முதலில் அதைச் செய்யுங்கள்.

16. கிண்ணம் முடிச்சுப் போட்ட மாதிரி மடங்கி வருது.

க்யூ கூடக் கூட ஹெச் குறைய வேண்டும். எங்கோ கூடியிருக்கிறது, அதனால் வளைவு திரும்பி மடங்குகிறது. விசிறி வரைபடத்துக்குத் திரும்பிப் போய், எந்தக் க்யூவில் கோடு நேராக இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் எஸ் எல்லைக்குள் ஒரு முறிவைச் சேர்த்துப் பொருத்தியிருப்பீர்கள்.

17. இதயத் துடிப்புலயும் இதே வருதாமே?

ஆமாம். இவானோவும் உடன் பணியாற்றியவர்களும் 1999இல் துடிப்பு இடைவெளிகளை ஆராய்ந்தபோது ஆரோக்கியமானவர்களுக்கு அகலமான வளைவும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குச் சுருங்கிய வளைவும் கிடைத்தன. அங்கே அகலம் நல்ல அறிகுறி. சந்தையில் அகலம் கூடினால் "சந்தை திறமையற்றது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த வாதம் தளர்ந்தது: திசையை ஊகிக்க முடியுமா என்பது க்யூ = 2இல் ரிட்டர்னின் ஹெச் 0.5ஐ விட்டு விலகுகிறதா என்பதைப் பொறுத்தது, அகலத்தைப் பொறுத்தது அல்ல. திசை துளிகூடத் தெரியாத சந்தையிலும் அசைவின் அளவு கேஸ்கேடாகப் பிரியலாம்.

18. இதை வச்சு நாளைக்கு மார்க்கெட் ஏறுமா இறங்குமான்னு சொல்ல முடியுமா?

முடியாது. எவ்வளவு ஆடும் என்பதைக் கொஞ்சம் சொல்லலாம். கால்வேயும் ஃபிஷரும் உருவாக்கிய எம்எஸ்எம் (மார்கோவ்-ஸ்விட்சிங் மல்டிஃபிராக்டல்) மாதிரியில் வாலட்டிலிட்டி என்பது பல காரணிகளின் பெருக்கல். ஒன்று தினம் மாறும், இன்னொன்று மாதக்கணக்கில் நிற்கும், வேறொன்று ஆண்டுக்கணக்கில். பத்துக் காரணிகள் வைத்தால் 1,024 நிலைகள், ஆனால் கண்டுபிடிக்க வேண்டிய அளவுருக்கள் நான்கே. ஆப்ஷன் விலைக்கும் இடர் கணக்குக்கும் இது உதவும், டிப்ஸ் கொடுக்க உதவாது.

19. ரெண்டு தொடருக்கு அச்சா ஒரே வளைவு வந்தா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதானே?

இல்லை, இந்த முறைக்கு எந்த அளவுக்குக் கண் தெரியாது என்பதற்கு ஒரு சோதனை. உங்கள் தொடரைக் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாகத் திருப்பி மறுபடி ஓட்டுங்கள். இரு முனையிலிருந்தும் வெட்டுகிற முறை என்பதால் கிட்டத்தட்ட அதே வளைவு வரும். காலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே தெரியாத வளைவு, எது எதைத் தூண்டியது என்று எப்படிச் சொல்லும்?

அந்தத் திசையைத் தனியாக அளக்க வேண்டும். தினசரி ரிட்டர்ன்களை வாரங்களாகப் பிரித்து, வாரத்துக்கு இரண்டு எண் எடுங்கள்: வார ரிட்டர்னின் தனிமதிப்பு (பெரிய அளவின் அசைவு), ஐந்து நாள் ரிட்டர்ன்களின் தனிமதிப்புக் கூட்டல் (சின்ன அளவின் அசைவு). இந்த வாரத்தின் முதல் எண்ணுக்கும் அடுத்த வாரத்தின் இரண்டாம் எண்ணுக்கும் உள்ள தொடர்புக் கெழு ஒன்று, இந்த வாரத்தின் இரண்டாம் எண்ணுக்கும் அடுத்த வாரத்தின் முதல் எண்ணுக்கும் உள்ளது மற்றொன்று. சந்தையில் முன்னது பெரிதாக இருக்கும்: நீண்ட கால முதலீட்டாளரின் நகர்வு நாள் வியாபாரியை உலுக்குகிற அளவுக்கு, நாள் வியாபாரியின் ஆட்டம் நீண்ட கால முதலீட்டாளரை உலுக்குவதில்லை. காசு சுண்டிச் செய்த 2ஆம் கேள்வியின் கேஸ்கேடிலிருந்து ஒரு விலைத் தொடர் செய்து (ஒவ்வொரு எண்ணுக்கும் வர்க்கமூலம் எடுத்து, பிளஸ் மைனஸ் குறியையும் காசு சுண்டிப் போட்டால் ரிட்டர்ன் கிடைக்கும்) இதே கணக்கைப் போட்டால் இரண்டும் சமமாகவே வரும்.